ஜீப்காரரின் பின்கழுத்து

அவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பின்கழுத்துதான் ஞாபகம் இருக்கிறது. கறுத்த கழுத்து, நடுவில் ஒரு மடிப்பு. குளிர்காலத்தில் அதைச் சுற்றிப் பச்சை மப்ளர். மழைக்காலத்தில் மப்ளருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை. ஜீப்பின் படுதா அந்த இடத்தில்தான் ஒழுகும். எட்டாவது முடிகிறவரை அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போனேன்.

சூரியநெல்லிக்கு மேலே எங்கள் லயம். தேயிலை எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளை லயம் என்போம். ஸ்கூல் கீழே. பஸ் வராது. நடந்து போக முடியாது, ஆனை நடமாட்டம். அதனால் ட்ரிப் ஜீப். ஆண்பிள்ளைகள் முன்னால் அவர் பக்கத்தில், பெண்பிள்ளைகள் பின்னால் எதிரெதிர் பெஞ்சில். கல் ரோடு. குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர ஒரு பீரியட் நேரம் ஆகும்.

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியைக்கூட கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பார். எல்லோரும் ஏறியாச்சா என்று முன்னால் பார்த்தபடியே கேட்பார். நாங்கள் ஒவ்வொருவராக, ஆச்சு மாமா, ஆச்சு மாமா என்போம். ஒரு குரல் குறைந்தாலும் வண்டி நகராது. ஒருநாள் செல்வி வரத் தாமதமானது. முன்னால் இருந்த பையன் ஒருத்தன் அவள் குரல் மாதிரி மூக்கால் சொன்னான். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"செல்விக்கு எப்படா மீசை மொளச்சது? எறங்கிப் போய் அவளக் கூட்டிட்டு வா."

அவருக்கு எங்களைக் குரலால்தான் தெரியும். கடைத்தெருவில் எதிரே வந்தால் தெரியாமல் போய்விடுவார். நாங்கள் மாமா என்று கூப்பிட்ட பிறகுதான் நிற்பார். அப்போதும் எங்கள் தலைக்கு மேலே எதையோ பார்த்துத்தான் பேசுவார். செல்வி அவருக்குக் கழுத்துப் பிடிப்பு என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

லயத்து ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி. பொம்பளைகள் உடுத்து மாற்றவேண்டும் என்றால், வெளியே மழை பெய்தால், ஆம்பளைகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான். பீடியைக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முடிந்தது என்று அம்மா இருமுவாள். திரும்புவார். எல்லா வீட்டிலும் இதுதான். ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்ததும் மற்ற ஆம்பளைகள் அதை மறந்துவிடுவார்கள். ஜீப்காரர் மறக்கவில்லை. ஜீப்பும் அவருக்கு ஒரு லயத்து அறை.

நான் ஆறாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன். மைக் செட் கட்டினார்கள். எல்லா லயத்துக்கும் சத்தம் போனது. மாமன் சீர் கொண்டு வந்தார். மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாளிலிருந்து அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. ஊருக்கே மைக்கில் சொன்னதை நான் என் அப்பாவிடம் சொல்லக்கூடாது. வயிறு வலித்தால் தலை வலிக்கிறது என்று சொல்லவேண்டும்.

அம்மா பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். துவைத்தால் ஆம்பளை கண்ணில் படாமல் காயவைக்கவேண்டும். வெயிலில் போடக்கூடாது. எங்கள் ஊரில் வெயிலும் கிடையாது. அடுப்புக்கு மேலே விறகுப் பரணில், சாக்குக்கு அடியில் ஒளித்துப் போடுவோம். மழை பிடித்தால் வாரக்கணக்கில் காயாது. ஈரத்தோடுதான் அடுத்த மாதம் எடுப்போம். புகை வாடையும் பூஞ்சை வாடையும் அடிக்கும். தொடை இடுக்கில் புண் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். மஞ்சள் போட்டாள். அவளுக்கும் இருந்தது என்று சொன்னாள். கொழுந்து எடுக்கப் போகிற எல்லோருக்கும் இருக்கும், நடந்தால் பழகிவிடும் என்றாள்.

ஸ்கூலில் கக்கூஸ் இருந்தது. கதவு பாதிதான் இருந்தது. தண்ணீர் இல்லை. ஆண்பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானத்தைப் பார்த்து இருந்தது. அதில் யாரும் போகமாட்டோம். காலையில் வைத்த துணி சாயங்காலம் வரை. தண்ணீர் குடிக்கமாட்டோம். பெஞ்சை விட்டு எழுந்திருக்கமாட்டோம். டீச்சர் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலையும் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்தே இருப்போம். தெரியாது என்றால் எழுந்து நிற்கச் சொல்வார்கள். அதற்கும் பயம்.

ஒருநாள் சாயங்காலம் ஜீப்பில் வரும்போது எனக்குப் பாவாடை நனைந்துவிட்டது. பெஞ்சிலும் பட்டுவிட்டது. எனக்குத் தெரிந்தது. எங்கள் லயம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அவர் காத்திருந்தார். நான் ஆச்சு சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் மழைக்கோட்டைக் கழற்றித் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார். அது என் மடியில் வந்து விழுந்தது.

"மழ வருது. போட்டுக்கிட்டு போ."

மழை வரவில்லை. போட்டுக்கொண்டு இறங்கி ஓடினேன். கோட்டு எனக்குக் கணுக்கால் வரை இருந்தது. அந்தப் பெஞ்சை நாளைக்கு எல்லோரும் பார்ப்பார்களே என்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஜீப்புக்குள் எல்லா இடமும் நனைந்திருந்தது. இரண்டு பெஞ்சும், தரையும், முன் சீட்டும்கூட. சோப்பு வாசம் அடித்தது. பையன்கள் ஈரத்தில் உட்கார முடியாது என்று கத்தினார்கள். வண்டி கழுவினேன், நின்னுக்கிட்டு வாங்கடா என்றார். என் இடத்தை மட்டும் கழுவியிருந்தால் தெரிந்துபோயிருக்கும். அதற்குப் பிறகு தினமும் கழுவினார். தினமும் ஈரம். பிறகு பெஞ்சுக்குக் கறுப்பு ரெக்சின் போட்டார்.

அவர் வேலை செய்கிற விதம் அதுதான். ஒருத்திக்கு வேண்டியதை எல்லோருக்கும் செய்துவிடுவார். ஒருநாள் வேண்டியதைத் தினமும் செய்வார். யாருக்கு, எந்த நாள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

சாமி படமும் அப்படித்தான் போனது. எல்லா ட்ரிப் ஜீப்பிலும் முன்னால் சாமி படம் இருக்கும். அவர் வண்டியில் முருகன் இருந்தார். பூப் போட்டு ஊதுபத்தி கொளுத்துவார். தீட்டு நாளில் சாமி இருக்கிற வண்டியில் ஏறக்கூடாது என்று சில வீடுகளில் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் செல்வி ரோட்டோரம் பையோடு நின்றாள். ஏறவில்லை. அவள் அம்மா வந்து, அவளுக்குக் காய்ச்சல், மூணு நாளைக்கு வரமாட்டா என்று சொன்னாள். காய்ச்சல்காரி பையை எதற்கு மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் முருகனைக் காணோம். படம் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. அவர் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்துவிட்டார் என்று லயத்தில் பேசினார்கள். கோயில் கமிட்டியில் கூப்பிட்டுக் கேட்டார்களாம்.

"சாமி வீட்டுல இருக்காரு. வண்டி ரோட்டுல ஓடுது" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு அவரிடம் வரி வாங்கவில்லை. அவர் மனைவியைக் கோயில் பொங்கல் வைக்கவும் கூப்பிடவில்லை. செல்வி மட்டும் மாதம் முழுக்க ஸ்கூலுக்கு வந்தாள்.

பம்ப் ஹவுஸில் நிறுத்த ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ரோட்டு வளைவில் எஸ்டேட்டின் பழைய பம்ப் ஹவுஸ் ஒன்று இருந்தது. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊற்றுத் தண்ணீர் ஒரு சிமெண்டுத் தொட்டியில் விழுந்து வழிந்துகொண்டே இருக்கும். கதவு இருந்தது. அங்கே வந்ததும் வண்டியை நிறுத்துவார்.

"வண்டி சூடாயிருச்சு."

வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். பனியில் முன்னால் இருக்கிற ரோடு தெரியாது. அதில் வண்டி சூடாகிவிட்டது என்பார். இறங்கி போனட்டைத் தூக்கி வைப்பார். ஆளுக்கு ஒரு கேனைக் கொடுத்துப் பையன்களைக் கீழே பாலத்துப் பக்கம் தண்ணீருக்கு அனுப்புவார். பக்கத்தில் தொட்டி நிறைய தண்ணீர் இருக்கும்போது எதுக்கு மாமா பாலத்துக்கு என்று ஒருத்தன் கேட்டான். இந்தத் தண்ணி உப்பு, ரேடியேட்டருக்கு ஆகாது என்றார். மலையில் ஏது உப்புத் தண்ணீர்? பையன்களும் போய்க் கொண்டுவந்தார்கள். அதை ரோட்டில் ஊற்றுவார்.

எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதல் சில நாள் நாங்கள் இறங்கவில்லை. பிறகு பெரிய அக்கா ஒருத்தி இறங்கிப் போனாள். கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, உள்ளே புதுக் கொண்டி போட்டிருக்கு என்று காதில் சொன்னாள். ஜன்னல் ஓட்டையில் தகரம் அடித்திருந்தது. ஒரு வாளி, ஒரு கப், துண்டு பார் சோப்பு. யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் இறங்கினோம். வேண்டியவளும் வேண்டாதவளும் இறங்குவோம். அவர் போனட்டுக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டி, தேயிலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனை வருகிறதா என்றும் பார்த்துக்கொள்வார். முடிந்து ஏறியதும், ஆச்சு மாமா. போனட்டை மூடுவார். போகும்போதும் வரும்போதும். வெள்ளி, சனி கிடையாது, மழை வெயில் கிடையாது. அவர் வண்டிக்கு ஊரில் கொதிகெண்டி என்று பேர் வைத்தார்கள். மற்ற டிரைவர்கள், அதை விற்றுவிட்டு ஒரு கழுதை வாங்கு, தண்ணி கம்மியாத்தான் குடிக்கும் என்று கேலி பேசுவார்கள். அவருக்கு வண்டி மேல் உயிர். ஆனாலும் பேசாமல் கேட்டுக்கொள்வார்.

எனக்குப் புண் ஆறியது. கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொன்னேன். அந்த ஒரு வருஷம்தான் நான் நன்றாகப் படித்தேன்.

எஸ்டேட் சூப்பர்வைசர் மகன் முன் சீட்டில் வருவான். பெண்பிள்ளைகள் தினமும் பம்ப் ஹவுஸுக்குள் போகிறார்கள், தங்களை மட்டும் பாலத்துக்கு விரட்டுகிறார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். மறுநாள் சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னால் வந்தார். ஜீப் நின்றதும் நேரே வந்து போனட்டில் கை வைத்துப் பார்த்தார். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மஸ்டர் ஷெட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கு எடுக்கிற ஷெட்டுக்கு, எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஆம்பளைகள் முன்னால் நின்றார்கள். அம்மாக்கள் எங்களைப் பிடித்துக்கொண்டு பின்னால். அவர் ஷெட் சுவரோரம் நின்றார். மப்ளரைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

சூப்பர்வைசர் கேட்டார். "ஆனை நடக்குற எடத்துல தெனம் எதுக்கு நிறுத்துற?"

"வண்டி சூடாகுது சாரே."

"நான் கை வச்சுப் பாத்தேன். சில்லுனு கெடந்துச்சு. பயலுகள வெரட்டி விட்டுட்டுப் பொட்டப் புள்ளைகள அந்த ரூமுக்குள்ள அனுப்புற. என்னா நடக்குது அங்க?"

அவர் மப்ளரை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினார். பின்னாலிருந்து ஒருத்தர், வாயில் என்ன கொழுக்கட்டையா என்றார். சாமி படத்தை எடுத்தபோதே தெரியும் என்றார் இன்னொருத்தர். சூப்பர்வைசர், நீ சொல்லாவிட்டால் ஸ்டேஷனில் சொல்லிக்கொள் என்றார். போலீஸ் என்றதும் அம்மாக்கள் முணுமுணுத்தார்கள். அவர் பேர் மட்டும் இல்லை, அந்த அறைக்குள் போன எங்கள் எல்லோர் பேரும் போகும். எங்கள் அம்மா என் கையை நசுக்கினாள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். நடந்தது என்ன என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் இல்லை.

அவருக்குக் காரணம் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. இத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் எங்களை வைத்துக்கொண்டு அதைச் சொல்லமாட்டார்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல சாரே" என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

எல்லோரும் அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டது என்று நினைத்தார்கள். ஒருத்தர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார். செல்வி தரையைப் பார்த்தாள். சூப்பர்வைசரின் மகள் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளும் தினமும் இறங்குகிறவள்தான்.

எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"மாமா எங்களுக்காகத்தான் நிறுத்துறாக. துணி மாத்துறதுக்கு. ஸ்கூல்ல கதவு இல்ல."

ஆம்பளைகள் எல்லோரும் கீழே பார்த்தார்கள். சட்டைக் கையை மடித்தவர் அப்படியே நின்றார். யாரோ ஒருத்தன் மட்டும் சிரித்தான். எங்கள் அம்மா என் வாயைப் பொத்தினாள். உள்ளங்கை பல்லில் இடித்தது.

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"போதும் தாயி."

சூப்பர்வைசர், சரி சரி, பொம்பளைங்க விஷயம், கலைஞ்சு போங்க என்றார். ஜீப்காரர் பேர் தப்பித்தது. அம்மா என்னை ரோட்டில் இழுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்குள் போய் விளக்கமாற்றால் அடித்தாள். அடித்துவிட்டு அவளே அழுதாள். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா இருமவே இல்லை. அவர் திரும்பவும் இல்லை.

மறுநாள் ஜீப் வந்தது. ஆச்சு சொன்னோம். பம்ப் ஹவுஸ் வந்தது. அவர் நிறுத்தினார். வண்டி சூடாகிவிட்டது என்று சொல்லவில்லை. போனட்டைத் தூக்கிவிட்டு முதுகைக் காட்டி நின்றார். கேன் கொடுக்கவில்லை. பையன்கள் முன் சீட்டில் முழங்காலில் நின்று பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். யார் இறங்குகிறாள் என்று பார்த்தார்கள்.

நாங்கள் யாரும் இறங்கவில்லை.

எனக்கு அன்று வேண்டியிருந்தது. நானும் இறங்கவில்லை. அவர் வழக்கமான நேரம் வரை நின்றார். பிறகு போனட்டை மூடினார். அதன் பிறகும் சில நாள் நிறுத்திப் பார்த்தார். அப்புறம் நிறுத்தவில்லை. அந்த வளைவு வரும்போது வண்டி மட்டும் மெதுவாகும். கழுத்து கொஞ்சம் குனியும். நாங்கள் வெளியே பார்க்கமாட்டோம்.

என் பேர் பம்ப் ஹவுஸ் என்று ஆனது. பம்ப் ஹவுஸ் வருது, தள்ளி உக்காருடா என்பார்கள் பையன்கள். ஸ்கூலுக்கும் போய்ச் சேர்ந்தது அந்தப் பேர். மாதத்தில் சில நாள் வீட்டில் இருந்தேன். பிறகு பாடம் புரியவில்லை. எட்டாவதோடு நின்றேன். செல்வி எனக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். அம்மா எனக்கும் ஒரு கொழுந்துக் கூடை வாங்கினாள்.

அவர் அந்த வருஷக் கடைசியில் ஜீப்பை விற்றார். சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்கப் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருதடவை சாந்தன்பாறை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து பார்த்தேன், கழுத்தை வைத்துத்தான் தெரிந்தது. முடி நரைத்திருந்தது. மப்ளர் வேறு. நான் அவர் முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்தார். தெரியவில்லை. பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் தெரிந்திருக்கும். பேசவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் அவருக்கு மஸ்டர் ஷெட் ஞாபகம் வரும். பஸ் வந்தது. பூப்பாறைக்கு டிக்கெட் கேட்கவேண்டும். அவரும் அதே பஸ்ஸில் முன்னால் ஏறினார். நான் கண்டக்டரிடம் வாயைத் திறக்காமல் சில்லறையை நீட்டி, கையால் ரோட்டைக் காட்டினேன். ஊமை என்று நினைத்து அந்த ஆள் இரக்கப்பட்டான். பூப்பாறை வரை அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கினேன். அவ்வளவுதான்.

போன மழைக்கு முன்னால் அவர் செத்துப்போனார். துட்டி கேட்கப் போனேன். அவர் மனைவி மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று கேட்டார். மேல் லயம், ஜீப்பில் வந்த பிள்ளை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் பேசுன புள்ளையா?"

ஆமாம் என்றேன். அந்த அத்தை என் கையை விடவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். அவருக்கு மூன்று அக்காளாம். ஒரே அறையில் வளர்ந்தாராம். பாதி நாள் சுவரைப் பார்த்துத்தான் சோறு தின்பாராம். மஸ்டர் ஷெட்டில் நான் பேசின அன்று ராத்திரியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாராம்.

"ஆம்பள நான் நிக்கிறேன், அந்தச் சின்னப் புள்ளையப் பேச விட்டுட்டேனே, பேச விட்டுட்டேனேன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. எத்தனையோ வருசம் சொன்னாரு தாயி."

அவர் என் மேல் வருத்தமாக இருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னைப் பேச விட்டிருக்கக்கூடாது என்று அவரும், என் குரலை அவர் கேட்கக்கூடாது என்று நானும் இருந்திருக்கிறோம். பஸ்ஸில் முன்னால் அவர், பின்னால் நான்.

இப்போது என் மகள் ஏழாவது படிக்கிறாள். அதே ஸ்கூல். கக்கூஸ் புதிதாகக் கட்டி டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். கதவு இருக்கிறது. கதவுக்குப் பூட்டு இருக்கிறது. சாவி ஆபீஸில், ஒரு சார் மேஜையில். அவரிடம் போய்க் கேட்டு வாங்கவேண்டும். ஸ்கூலில் பேடு கொடுக்கிறார்கள். அதை எங்கே மாற்றுவது, எங்கே போடுவது என்று யாரும் சொல்லவில்லை. என் மகள் மாதத்தில் சில நாள் தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள். எனக்கு அந்தத் தலைவலி தெரியும்.

பிடிஏ மீட்டிங்குக்குப் போனேன். நீ அங்கே வந்து ஒண்ணும் பேசக்கூடாது என்று மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள். என் பழைய பேர் அவளுக்குத் தெரியும். அப்படியும் எழுந்து சாவியைப் பற்றிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மகள் என் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் பிள்ளைகளோடு ட்ரிப் ஜீப்பில் ஏறினேன். டிரைவர் சின்னப் பையன். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. எதிர் பெஞ்சில் ஒரு பிள்ளை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பையை முதுகுக்குப் பின்னால் வைத்து, முழங்காலைச் சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்படி உட்காருவது ஏன் என்று எனக்குத் தெரியும். என் மகள் என்னிடமிருந்து தள்ளி, கடைசியில் இருந்தாள். அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று நான் பார்க்கவில்லை.

பம்ப் ஹவுஸ் வளைவு வந்தது.

"தம்பி, நிறுத்து."

"எதுக்குக்கா? ஆனை நிக்கிற எடம்."

"எனக்கு மாத்தணும். நிறுத்து."

பாட்டு நின்றது. முன்னால் இருந்த பையன்கள் சிரிப்பை விழுங்கினார்கள். டிரைவர் காது சிவந்தது. எனக்கு அன்று மாற்ற ஒன்றும் இல்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் முகம் எரிந்தது. இந்த வயசிலும் எரிகிறது.

"போனட்டைத் தெற."

"வண்டி சூடாகலயேக்கா."

"தெற. பயலுகளக் கூட்டிட்டுப் பாலத்துக்குப் போய்த் தண்ணி கொண்டா. பொட்டப் புள்ளைக எல்லாரும் எறங்குங்க. கால நீட்டி நின்னுட்டு வாங்க."

கூரையில் பாதி போய்விட்டது. கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் கொண்டியின் துரு மட்டும் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. நான் வாசலில் போய்ச் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, தேயிலையைப் பார்த்து நின்றேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தி என் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். கொஞ்சம் கழித்து இன்னொருத்தி. தண்ணீர் அள்ளும் சத்தம்.

அதில் ஒருத்தி என் மகளா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பவில்லை.